மூன்றாம் நாள் நோய்

வீட்டுக்கு வேண்டிய விஞ்ஞானம்

சிறு துளி பெருவெள்ளம் என்பது நம் முன்னோர் வாக்கு. அதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. துளித் துளியாய் ஒழுகும் குடம் விடிவதற்குள் வெறுங்குடமாகிவிடும். ஒழுகும் ஓசையோ எவர் காதிலும் விழுவதில்லை. இத்திங்கள் நாம் எழுதப் புகுவது அத்தகைய ஒழுகல் ஒன்றைப் பற்றியே. பழைய மோட்டார் காரின் பேட்டரி, வண்டி சும்மா நிற்கும்போதே, காரணம் தெரியாமல் இறங்கிப்போகும் தொல்லை அது. கார் இல்லாத இல்லத்தார் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இரு சக்கர வண்டியோ இன்வெர்ட்டரோ இல்லாத வீடு இன்று அரிது. அவற்றுக்கும் இச்செய்திகள் பொருந்தும். மேலும், இக்கதையில் பேட்டரியைவிட விலை உயர்ந்த ஒன்றை நாம் இழக்கவிருந்தோம். அதனையும் மறைக்காமல் கூறுவோம்.

நின்ற இடத்தில் நோய்

வாசுதேவநல்லூரை அறியாத வாசகர்க்கு ஒரு சொல். மதுரையிலிருந்து தென்காசி செல்லும் நெடுஞ்சாலையில், சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த பேரூர் அது. பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் அதற்கு அண்மையில் உள்ளது. நெடுங்காலம் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2019-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தென்காசி மாவட்டத்தில் அடங்குகிறது. பெரிய மருத்துவமனை வேண்டுமெனில் தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ செல்ல வேண்டும். ஆகவே முதியோர் வாழும் இல்லத்தில், வாயிலில் நிற்கும் வண்டி ஆடம்பரப் பொருள் அன்று. நள்ளிரவில் அது ஓர் உயிர்த்துணை.

நம் வீட்டு வண்டி அம்பாசடர். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1950களின் இறுதியில் செய்யத் தொடங்கி, 2014-ஆம் ஆண்டு மே திங்களில் நிறுத்திவிட்ட வண்டி அது. நம் தந்தையார் அதனை 1988-இல் வாங்கினார். பதினைந்து ஆண்டு கடந்த கார்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. அவ்வாறே புதுப்பித்து வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் அதன் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் பொருத்தினோம். வாசகர் இதனை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

சென்ற ஆண்டு ஆனித் திங்களில் நோய் தொடங்கிற்று. நாள்தோறும் ஓடினால் வண்டிக்கு யாதொரு குறையும் இல்லை. ஒரு நாள் நின்றாலும் மறுநாள் தடையின்றிக் கிளம்பும். இரண்டு நாள் நின்றால் சற்றே முனகிக் கிளம்பும். மூன்று நாள் நின்றுவிட்டாலோ, சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஓர் ஒலி, அவ்வளவே. செல்ப் எடுக்காது. பேட்டரி பழையது என்று எண்ணிப் புதியது வாங்கினோம். பதினைந்து நாள் சென்றன. வண்டி மூன்று நாள் நிற்க நேர்ந்தது. மீண்டும் அதே ‘டக்’.

புதுப் பேட்டரியும் இறங்கிவிட்டது என்றால் யார் மேல் ஐயம் எழும்? வண்டியைத் தொடும் ஆள் மேல்தான். நம் வண்டியை ஓட்டி வந்தவர் அவ்வூர் இளைஞர் ஒருவர். ஆறு ஆண்டுகளாக நம்முடன் இருந்தவர். மாலையில் வண்டியைத் துடைத்து முடித்தபின், முன்னிருக்கையில் அமர்ந்து சிறிது நேரம் வானொலி கேட்பது அவர் வழக்கம். அதில் நமக்கு அதுவரை யாதொரு மனக்குறையும் இருந்ததில்லை. பேட்டரி இறங்கத் தொடங்கிய பின்னரோ, அந்த வானொலியின் ஓசை நம் செவியில் வேறாக ஒலிக்கத் தொடங்கிற்று.

ஆவணித் திங்களில் ஓர் இரவு நம் அன்னையாருக்கு இளைப்பு மிகுந்தது. மணி இரண்டு. சாவியைத் திருகினோம், வண்டி வாய் திறக்கவில்லை. அண்டை வீட்டார் நால்வர் ஓடிவந்து தெருமுனை வரை தள்ளினர். பயனில்லை. இறுதியில் 108 அவசர ஊர்தியை அழைத்தோம். அது வந்து சேரும் வரை அன்னையார் திண்ணையில் அமர்ந்து மூச்சுக்குத் தவித்ததை நாம் இன்னும் மறக்கவில்லை. இறையருளால் அவர் நலம்பெற்று நான்காம் நாள் வீடு திரும்பினார்.

அன்று காலை ஓட்டுநர் தம்பி வந்தபோது, அண்டை வீட்டார் நின்று கேட்க, நாம் பேசக்கூடாதனவற்றைப் பேசினோம். “உன் பாட்டுக்கு எங்கள் தாயின் உயிரா விலை?” என்றும் கேட்டுவிட்டோம். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்து நின்றார். “நான் இறக்கவில்லை, ஐயா” என்று மட்டும் கூறி, சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சென்றார். பிறகு வரவில்லை.

பத்து நாள் கழித்து, பேட்டரியை முழுதும் சார்ஜ் செய்து மாட்டினோம். கதவைப் பூட்டிச் சாவியை நம் பெட்டியில் வைத்தோம். மூன்று நாள் அவ்வண்டியில் எவரும் அமரவில்லை, வானொலி பாடவில்லை. நான்காம் நாள் காலை சாவியைத் திருகினோம். ‘டக்’.

அந்த ஒலி நம் நெஞ்சில் அறைந்தது போல் இருந்தது.

ஆளைப் பார்க்குமுன் கணக்கைப் பார்

ஊரில் மோட்டார் மின்வேலை பார்க்கும் முதியவர் ஒருவர் உண்டு. எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பர். நடந்தவற்றைக் கேட்டபின் அவர் முதலில் கூறியது இது: “ஐயா, கணக்கை முதலில் பார்த்திருக்க வேண்டும். ஆளைப் பிறகு பார்த்திருக்கலாம்.”

கணக்கு எளியது. பேட்டரியின் கொள்ளளவை ஆம்பியர்-மணி என்னும் அளவால் குறிப்பர். நம் வண்டியில் இருப்பது 60 ஆம்பியர்-மணி. ஒரு ஆம்பியர் மின்னோட்டத்தை அது ஏறக்குறைய அறுபது மணி நேரம் தரவல்லது என்பது இதன் பொருள். ஆயின், எஞ்சினைச் சுழற்றும் செல்ப் மோட்டார் ஒரு கணத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் விழுங்குவது. ஆகவே பேட்டரி முழுதும் காலியாக வேண்டியதில்லை. பாதிக்கு மேல் இறங்கினாலே அது கையை விரித்துவிடும்.

முன்விளக்குகள் இரண்டும் எரிந்தால் ஒன்பது, பத்து ஆம்பியர் செல்லும். அவற்றை அணைக்க மறந்தால் பேட்டரி ஓரிரவு தாங்காது. நிறுத்த விளக்குகளை மறந்தால் ஒன்றரை ஆம்பியருக்குச் சற்று மேல். ஒரு நாளில் வண்டி தள்ளாடும். கதவு சரியாகச் சாத்தாமல் உள்விளக்கு எரிந்தால் அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. மூன்று நான்கு நாளில் செல்ப் எடுக்காது. வானொலியோ, அளவான ஒலியில் ஏறக்குறைய ஒரு ஆம்பியர் கொள்ளும். மாலையில் மூன்று மணி நேரம் பாடினாலும் மூன்று ஆம்பியர்-மணி. அதாவது இருபதில் ஒரு பங்கு. மறுநாள் வண்டி ஓடும்போது அது நிரம்பிவிடும்.

இக்கணக்கை அண்ணாச்சி ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதிக் காட்டினார். நாம் வெட்கித் தலைகுனிந்தோம். தம்பி வானொலி கேட்டது உண்மை. பேட்டரி இறங்கியதும் உண்மை. முன்னதால் பின்னது விளைந்தது என்று நாம் முடிச்சுப் போட்டதுதான் பொய். எத்தனை நாளில் வண்டி படுக்கிறது என்பதை மட்டும் கூர்ந்து நோக்கியிருந்தால், ஒழுகுவது அரை ஆம்பியர் அளவினது, அதுவும் இரவும் பகலும் ஓயாமல் ஒழுகுவது என்பதை ஒரு பள்ளிச் சிறுவனும் கண்டிருப்பான்.

படிப்படியாய்த் தேடல்

அண்ணாச்சி தேடிய முறையை வரிசையாகக் கூறுவோம். எந்தக் காருக்கும் இது பொருந்தும்.

முதற்கண், குற்றம் பேட்டரியினுள்ளேயே இருக்கிறதா என்று காணவேண்டும். ஈய-அமில பேட்டரியை 1859-இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளான்தே கண்டுபிடித்தார். இன்றும் அடிப்படை அதுவே. சும்மா வைத்திருந்தாலும் அது சிறுகச் சிறுகத் தானாகவே இறங்கும். வெப்பம் மிகுந்தால் விரைந்து இறங்கும். மூடியின் மேல் அமில ஈரமும் தூசியும் படிந்தால், அந்தப் படலத்தின் வழியாகவும் மின்சாரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊர்ந்து செல்லும். அண்ணாச்சி நம் பேட்டரியை முழுதும் சார்ஜ் செய்து, மேற்புறத்தைத் துடைத்து, வண்டியில் மாட்டாமல் ஒரு பலகை மேல் மூன்று நாள் வைத்தார். வைக்கும்போது 12.6 வோல்ட்; மூன்றாம் நாளும் 12.6 வோல்ட். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும், 12.2 எனில் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே போனால் பெரும்பாலும் காலி. ஆகவே பேட்டரி நிரபராதி எனத் தேறிற்று.

இரண்டாவதாக, வண்டி ஓடும்போது பேட்டரி நிரம்புகிறதா என்று காணவேண்டும். எஞ்சின் ஓடுகையில் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருத்தல் நலம். நம் வண்டியில் 13.8 இருந்தது. சற்றுக் குறைவே ஆயினும் குற்றமில்லை. எனவே, நிரம்பும் குடம் நிற்கும்போது ஒழுகுகிறது என்பது உறுதியாயிற்று.

மூன்றாவதாக, ஒழுகும் அளவைக் காணவேண்டும். சாவியை எடுத்து, எல்லாக் கதவுகளையும் சாத்தி, பேட்டரியின் எர்த் முனையாகிய நெகடிவ் கம்பியைக் கழற்றினார். அம்முனைக்கும் கம்பிக்கும் இடையே முதலில் ஒரு சிறு விளக்கை இணைத்தார். ஒழுகல் இல்லையெனில் அவ்விளக்கு எரியாது. நம் வண்டியிலோ அது மங்கலாய்ச் சிவந்து எரிந்தது. பட்டப்பகலில், சாவியற்ற வண்டியில், காரணமின்றி எரிந்த அந்தச் சிறு விளக்கை நாம் நெடுநேரம் நோக்கியிருந்தோம். விளக்கை முதலில் இணைப்பதற்குக் காரணம் உண்டு: எங்கேனும் பெரிய ஷார்ட் இருப்பின், விளக்கு பளிச்சென எரிந்து எச்சரிக்கும், மீட்டர் கருகாது. பின்னர் விளக்கை நீக்கி, மல்டிமீட்டரைப் பத்து ஆம்பியர் அளவில் வைத்து அதே இடத்தில் இணைத்தார். 0.46 ஆம்பியர் காட்டிற்று. நாளொன்றுக்குப் பதினோர் ஆம்பியர்-மணி. மூன்று நாளில் முப்பத்து மூன்று. அறுபதில் பாதிக்கு மேல். மூன்றாம் நாள் நோயின் கணக்கு நேராயிற்று.

நான்காவதாக, ஒழுகும் வழியைக் காணவேண்டும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாய் எடுக்க வேண்டும். எதனை எடுக்கும்போது மீட்டர் விழுகிறதோ, அந்தக் கிளையில் நோய் இருக்கிறது. புதிய கார்களில் ஃப்யூஸ்கள் இருபது முப்பது உண்டு. பழைய அம்பாசடரில் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. சில இணைப்புகள் ஃப்யூஸ் இன்றியே செல்கின்றன. நம் வண்டியில் ஃப்யூஸ்கள் யாவற்றையும் எடுத்தபின்னும் மீட்டர் அசையவில்லை. அடுத்து, நேரடியாக இணைக்கப்பட்டிருந்த வானொலியின் கம்பியைக் கழற்றினார். 0.46 இருந்த இடத்தில் 0.45. நூற்றில் ஒரு பங்கு ஆம்பியர்! அணைத்து வைத்த வானொலி தன் கடிகாரத்துக்காகக் கொள்ளும் மின்சாரம் அவ்வளவே. அதனால் மட்டும் நம் பேட்டரி காலியாக வேண்டுமானால் இருநூற்றைம்பது நாள் ஆகும்.

அண்ணாச்சி நம்மைப் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை.

பிறகு ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியைக் கழற்றி, அதன் நுனியில் துணி சுற்றி ஒதுக்கி வைத்தார். மீட்டரில் சுழியம்.

திரும்பி ஓடும் நீர்

ஆல்டர்னேட்டரில் மின்சாரம் ஒழுகுவது எங்ஙனம்? நம் எலுமிச்சைத் தோட்டத்துக் கிணறுகளை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாய் அடியில் ஃபுட் வால்வு என்றொரு கதவு உண்டு. அது நீரை மேலே விடும், கீழே திரும்பவிடாது. அது தேய்ந்துவிட்டால், மோட்டார் ஓடும்போது நீர் வரும். நிறுத்திய பின் குழாய் நீரெல்லாம் இரவில் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலையில் மீண்டும் நீர் ஊற்றித்தான் ஓட்ட வேண்டும்.

ஆல்டர்னேட்டரில் அத்தகைய கதவாய் அமைவது டயோடு. ஆல்டர்னேட்டர் பிறப்பிப்பது திசை மாறி மாறிச் செல்லும் மின்சாரம். பேட்டரி ஏற்பதோ ஒரே திசையில் செல்லும் மின்சாரம். சிலிக்கானால் ஆன டயோடுகள் இந்த மாற்றத்தைச் செய்வதுடன், எஞ்சின் நின்றபின் பேட்டரியின் மின்சாரம் திரும்பி ஓடாமலும் தடுக்கின்றன. பழைய டைனமோவில் இவ்வேலையைக் கட்-அவுட் என்னும் சிறு பெட்டி செய்தது. அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் டைனமோவும் பேட்டரியைக் குடித்துவிடும். சிலிக்கான் டயோடுகள் மலிந்தபின், 1960 முதல் அமெரிக்கக் கார்களிலும், பின்னர் உலகெங்கும் ஆல்டர்னேட்டர் பரவிற்று.

டயோடு பழுதுற்றால் வெளியே ஒன்றும் தெரியாது. வண்டி ஓடும், பேட்டரியும் ஏறக்குறைய நிரம்பும். சில வண்டிகளில் சாவியை எடுத்தபின்னும் சார்ஜ் விளக்கு மங்கலாய் ஒளிரும். ஒழுகல் பெரிதாயின், இரவெல்லாம் நின்ற வண்டியின் ஆல்டர்னேட்டரைக் காலையில் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாய் இருக்கும். இவையே அதன் அறிகுறிகள்.

அன்று இரவு நாம் தள்ளிய வண்டி கிளம்பாததன் காரணமும் அப்போதுதான் தெரிந்தது. டைனமோ தன் இரும்பில் எஞ்சியிருக்கும் காந்தத்தைக் கொண்டே மின்சாரம் பிறப்பிக்கத் தொடங்கவல்லது. ஆல்டர்னேட்டருக்கோ தொடக்கத்தில் பேட்டரியிலிருந்து சிறிதேனும் மின்சாரம் வேண்டும். பேட்டரி அடியோடு காலியாகிவிட்டால் அதனைத் தள்ளிக் கிளப்புதல் அரிது. 1912-இல் காடிலாக் கார்களில் செல்ப் மோட்டார் வருவதற்கு முன், கைப்பிடியைச் சுழற்றியே கார்களைக் கிளப்பினர். கைக்கு ஓய்வு தந்த அந்நாள் முதல், காரின் உயிர் பேட்டரியின் கையில் இருக்கிறது.

அண்ணாச்சி கேட்ட கேள்வி

ஆல்டர்னேட்டரைப் பிரித்து, டயோடு பிளேட்டை வெளியே எடுத்து, ஒவ்வொரு டயோடாய்ச் சோதித்தபின் அண்ணாச்சி நிமிர்ந்தார். “ஐயா, எப்போதாவது பேட்டரியை மாற்றி மாட்டினீர்களா?”

நாம் விடை கூற நாழிகையாயிற்று.

சென்ற சித்திரையில், ஒரு ஞாயிறு மாலை, பழைய பேட்டரியின் முனைகளில் வெண்பொடி பூத்திருந்ததைக் கண்டு, நாமே அதனைக் கழற்றி வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். திரும்ப வைக்கும்போது திசை மாறி வைத்துவிட்டோம். அழுக்கில் குறிகள் மறைந்திருந்தன. ஒரு கம்பியை முறுக்கிவிட்டு மறு கம்பியைத் தொட்டதும், பெரியதொரு தீப்பொறி பறந்தது. கருகிய நாற்றமும் வந்தது. உடனே எடுத்து, திருப்பி வைத்து, சரியாக மாட்டினோம். வண்டி கிளம்பிற்று. எவரும் பார்க்கவில்லை. நாமும் எவரிடமும் கூறவில்லை. சில நாளில் மறந்தும்போனோம்.

அந்த ஒரு கணமே டயோடுக்குப் போதுமானதாய் இருந்தது. பேட்டரி தலைகீழாய் இணையும்போது, தடுக்க வேண்டிய கதவே திறந்த வாயிலாகி, பெருமின்னோட்டம் அதனூடே பாயும். டயோடு அப்போதே முழுதும் கெடலாம். அல்லது குற்றுயிராய்க் கிடந்து, பின்னர் நாளுக்கு நாள் கசியலாம். நம் வண்டியில் நிகழ்ந்தது இரண்டாவது. சித்திரையில் பட்ட காயம் ஆனியில் வெளிப்பட்டது.

அண்ணாச்சி நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. புது டயோடு பிளேட் ஒன்றைப் பொருத்தினார். மீட்டர் 0.01 காட்டிற்று, வானொலிக் கடிகாரத்தின் பங்கு அது. அவர் பெற்ற கூலியும் பொருள் விலையும் சேர்ந்து, நாம் வீணே வாங்கிய புதுப் பேட்டரியின் விலையில் ஒரு சிறு பங்கே.

இல்லத்தார் நினைவில் வைக்க

நாம் பட்டது பிறர் படாதிருக்கச் சில சொற்கள்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகடிவ் கம்பியை முதலில் கழற்றுக. மாட்டும்போது அதனை இறுதியில் மாட்டுக. கழற்றுமுன் பாசிடிவ் பக்கத்தில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டுக. பெரும்பாலான கார்ப் பேட்டரிகளில் பாசிடிவ் முனை சற்றுப் பருத்தும், நெகடிவ் முனை சற்று மெலிந்தும் இருக்கும். விரலால் தொட்டே அறியலாம். ஐயமிருப்பின், மாட்டாமல் கையை எடுத்துவிடுக.

வேறு வண்டியிலிருந்து மின்சாரம் வாங்க நேர்ந்தால், பாசிடிவ் முனைகளைச் சிவப்புக் கம்பியால் முதலில் இணைத்து, பின்பு கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் நெகடிவ் முனையிலும், கடைசி நுனியைப் படுத்த வண்டியின் எஞ்சின் இரும்பிலும் இணைக்க வேண்டும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதன் அருகே தீப்பொறியும் பீடியும் ஆகா. அமிலம் கையில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுக. கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவரை நாடுக. நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுக. கிணற்று நீரும் குழாய் நீரும் வேண்டா.

மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆம்பியர் அளக்கும்போது சாவியைத் திருகலாகாது. செல்ப் மோட்டாரின் மின்னோட்டத்தை அது தாங்காது. அளந்து முடித்ததும் அதன் சிவப்புக் கம்பியை வோல்ட் துளைக்கே மாற்றிவிடுக. மறந்து பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தால் ஷார்ட் ஆகும்.

புதிய கார் வைத்திருப்போர் மற்றொன்றும் அறிக. அவற்றில் உள்ள கணிப்பொறிகள், சாவியை எடுத்தபின்னும் அரைமணி நேரம்வரை விழித்திருக்கக்கூடும். அவை உறங்கியபின் அளப்பதே முறை. உறங்கியபின் 0.05 ஆம்பியருக்கு மேற்படாதிருப்பின் குறையில்லை. கேமரா, இருப்பிடம் காட்டும் கருவி, கைபேசி சார்ஜர் எனப் பின்னர் பொருத்தியவற்றையே முதலில் ஐயுறுக. இரு சக்கர வண்டியின் பேட்டரி மிகச் சிறிது. 5 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரியில் அந்த 0.05 ஆம்பியர் ஒழுகினாலே நான்கு நாளில் அது காலியாகும்.

மீண்டும் திண்ணையில்

டயோடு மாற்றிய அன்று மாலை, ஓட்டுநர் தம்பியின் வீட்டுக்குச் சென்றோம். அவர் புளியங்குடிச் சந்தைக்கு எலுமிச்சை ஏற்றிச் செல்லும் சிறு லாரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நம்மைக் கண்டதும் எழுந்து நின்றார். நாம் வாய் திறக்குமுன் அவர் கேட்டது ஒன்றே: “அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது, ஐயா?”

அக்கேள்வியைக் கேட்டபின் நாம் எண்ணி வந்த சொற்கள் வரவில்லை. பேட்டரியை இறக்கியவர் அவர் அல்லர், நாமே என்பதைக் கூறினோம். சித்திரை ஞாயிற்றின் தீப்பொறி முதல் அனைத்தையும் கூறி மன்னிப்பு வேண்டினோம். அவர் சிறிது நேரம் மௌனமாய் இருந்தார். “அன்றைக்கே ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம், ஐயா” என்றார். வேறு கடுஞ்சொல் ஒன்றும் கூறவில்லை. கூறியிருந்தாலும் தகும்.

அவரைப் பழித்தது நால்வர் முன்னிலையில். ஆகவே மறுநாள் அந்நால்வரையும் நம் திண்ணைக்கு அழைத்து, குற்றம் யாருடையது என்பதைக் கூறினோம். அது எளிதாய் இல்லை. தனியறையில் கேட்கும் மன்னிப்பு, தெருவில் பறித்த பெயரைத் திருப்பித் தாராது அன்றோ?

தம்பி லாரி வேலையை விடவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை. ஞாயிறுகளில் ஓய்விருந்தால் வருகிறார். அன்னையாரைத் திருப்பலிக்கு அழைத்துச் சென்று திரும்புகிறார். அன்னையார் இறங்கியபின் வழக்கம்போல் வண்டியைத் துடைக்கிறார். ஆனால் வானொலியை அவர் இதுவரை போடவில்லை.

சென்ற ஞாயிறு நாமே சென்று அதனைப் போட்டுவிட்டு வந்தோம்.